வாஷிங்டன் முதல் ரீகன் வரை: தன்பாலினத் திருமணத்துக்கு யார் தலையாட்டியிருப்பார்கள்?

கேள்வி இதுதான்: பழைய அமெரிக்க அதிபர்கள் இன்று உயிரோடிருந்தால் தன்பாலினத் திருமணத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கூடவே ஒரு துணைக்கேள்வி: 15-ஆவது அதிபர் ஜேம்ஸ் புக்கானனே தன்பாலீர்ப்பாளர்தான் என்கிறார்களே, அவராவது ஆதரிப்பாரா?

புக்கானனைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதல் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டால் பதில் ஒரு வரிதான். 1790-இலிருந்து வாஷிங்டனைத் தூக்கிவந்து இன்றைய பாஸ்டனில் ஒரு திருமணப் பதிவு அலுவலகத்தில் நிறுத்தினால், எதிரே நிற்கும் இரண்டு மணமகன்களைப் பார்ப்பதற்கு முன்பே, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அரசாங்க முத்திரை குத்தும் பெண்ணைப் பார்த்துத் திகைத்துப் போவார். அந்தப் பெண் கறுப்பினத்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். இப்படி யோசித்தால் எல்லா அதிபர்களும் ஒரே வரிசையில் நின்று "முடியாது" என்பார்கள். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடலாம். அந்த மனிதருக்கு நம்மோடு சேர்ந்து வாழ ஒரு 30, 40 ஆண்டு கொடுத்தால் எங்கே வந்து நின்றிருப்பார்? இதற்கு ஊகம் மட்டும் போதாது. நல்லவேளையாகச் சாட்சியமும் இருக்கிறது. பதவியை விட்டபின் நெடுநாள் வாழ்ந்து, இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்த முன்னாள் அதிபர்கள் சிலர் உண்டு. முதலில் அவர்களைப் பார்த்துவிட்டால் மற்றவர்களை எடைபோடுவது எளிது.

2013 செப்டம்பரில் வெளியான ஒரு புகைப்படம். மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க்போர்ட் என்ற கடற்கரை ஊர். 89 வயது ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், அதாவது பெரிய புஷ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு திருமணப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். மணமக்கள் இருவரும் பெண்கள். அந்த வட்டாரத்தில் கடை நடத்துகிறவர்கள், புஷ் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், கிழவர் மனைவியோடு போய்விட்டார். அவ்வளவுதான் சங்கதி.

அதற்கு 9 ஆண்டுகள் முன்னால், 2004 பிப்ரவரியில், அவருடைய மகன் சின்ன புஷ் வெள்ளை மாளிகையில் நின்று, திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே மட்டும்தான் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட வேண்டும் எனக் கேட்டிருந்தார். செனட்டில் அது வாக்கெடுப்பு வரைகூடப் போகவில்லை. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக 60 வாக்கு தேவை, கிடைத்தது 48. ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் 11 மாநிலங்கள் மக்கள் வாக்கெடுப்பு வைத்துத் தங்கள் சாசனங்களில் அதையே எழுதிக்கொண்டன. தேர்தலில் மகன் ஜெயித்தார்.

பெரிய புஷ் மனம் மாறிவிட்டாரா? தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் அவர் சொன்னதன் சாரம்: தனிப்பட்ட முறையில் நான் இன்னும் மரபான திருமணத்தையே நம்புகிறேன், ஆனாலும் மனிதர்கள் தங்கள் விருப்பப்படி பாகுபாடில்லாமல் வாழட்டும், நான் கொஞ்சம் இளகிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடம் முக்கியம். அவருடைய நம்பிக்கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தைத் தடுக்க வேண்டும் என்ற வேகம்தான் போய்விட்டது. பழைய அதிபர்கள் பலரிடம் நாம் எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்சம் இதுதான் என்பது என் கணிப்பு.

ஜெரால்டு ஃபோர்டு இன்னும் முந்திக்கொண்டார். 2001-இல், 88 வயதில், ஒரு பத்திரிகைப் பத்தியாளர் அவரிடம் கேட்டார்: தன்பாலின இணையருக்கும் ஓய்வூதியம், வரி போன்றவற்றில் மணமானவர்களுக்குள்ள அதே சலுகைகள் கிடைக்க வேண்டுமா? சமமாக நடத்த வேண்டும், அவ்வளவுதான் என்றார். அன்று அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில்கூட இந்தத் திருமணம் சட்டமாகவில்லை. குடியரசுக் கட்சியின் முன்னாள் அதிபர் ஒருவர் இப்படிச் சொன்னதைப் பலர் மறந்தே போனார்கள்.

ஜிம்மி கார்ட்டர் வேறு வழியாக வந்தவர். ஜார்ஜியாவில் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரின் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் முதுமை வரை ஞாயிறு வேதவகுப்பு எடுத்த மனிதர். பெண்களைச் சபை நடத்தும் விதம் பிடிக்காமல் 2000-இல் தெற்கத்திய பாப்டிஸ்ட் கூட்டமைப்பை விட்டே விலகியவர். 2015-இல் ஒரு பேட்டியில், இயேசு இதை ஏற்றுக்கொள்வார் என்றே நம்புகிறேன் என்றார். ஆனால் விருப்பமில்லாத தேவாலயத்தை இதற்கு அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார். மதம்தான் இந்த விஷயத்தில் மனிதரை இறுக வைக்கும் என்று பொதுவாகப் பேசுகிறோம். கார்ட்டரை இளக வைத்ததும் அதே மதம்தான்.

கிளிண்டன் கதையில் கொஞ்சம் கசப்பு உண்டு. 1996 செப்டம்பர் 21, நள்ளிரவு தாண்டிய நேரம். கேமரா இல்லை, சுற்றி நின்று கைதட்ட ஆளில்லை. தன்பாலினத் திருமணத்தை மத்திய அரசு அங்கீகரிக்காது என்ற திருமணப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிரதிநிதிகள் சபையில் 342-க்கு 67, செனட்டில் 85-க்கு 14 என்று நிறைவேறிய சட்டம் அது. வெட்கப்பட்டுக்கொண்டே கையெழுத்திட்டவர் போல நடுராத்திரியைத் தேர்ந்தெடுத்தாரே, பிறகு அவருடைய பிரசாரக் குழு என்ன செய்தது தெரியுமா? கிறிஸ்தவ வானொலி நிலையங்களில் அந்தக் கையெழுத்தையே சாதனையாக விளம்பரம் செய்தது. அந்த ஆண்டு கேலப் கருத்துக்கணிப்பில் இந்தத் திருமணத்துக்கு ஆதரவு 27 விழுக்காடு. 2013 மார்ச்சில் அதே கிளிண்டன், நான் கையெழுத்திட்ட சட்டத்தை ரத்து செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்குக் கேட்கும்படி பத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

அந்தச் சட்டத்தின் விலை என்ன என்பதற்கு ஒரு தொகையே உண்டு: 3,63,053 டாலர். நியூயார்க்கில் எடித் வின்ட்சர் என்ற மூதாட்டி, தன் வாழ்க்கைத் துணைவியான தியா ஸ்பையர் 2009-இல் இறந்தபோது கட்ட வேண்டியிருந்த மத்திய வாரிசு வரி அது. துணை ஆணாக இருந்திருந்தால் ஒரு காசு கட்ட வேண்டியிருக்காது. அவர் தொடுத்த வழக்கில்தான் 2013 ஜூன் 26 அன்று சட்டத்தின் முக்கியப் பகுதி விழுந்தது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2015 ஜூன் 26 அன்று, ஓபர்கெஃபெல் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளிக்க, நாடு முழுவதும் இந்தத் திருமணம் உரிமையானது.

ஒபாமாவையும் இங்கேயே முடித்துவிடலாம். 1996-இல் மாநில செனட் தேர்தலில் நின்றபோது, தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்க ஆதரவு என்று ஒரு கேள்வித்தாளில் எழுத்திலேயே பதில் கொடுத்தவர். 2008-இல் அதிபர் வேட்பாளராக நின்றபோது, திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றார். 2012 மே மாதம் மறுபடி ஆதரவு. துணை அதிபர் பைடன் மூன்று நாள் முன்பே தொலைக்காட்சியில் உளறிவிட்டதால்தான் அதுவும் அன்றைக்கு வந்தது. அந்தப் பைடனோ 1996-இல் செனட்டில் கிளிண்டன் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர். 2016-இல் தன் இல்லத்திலேயே இரண்டு ஆண்களுக்குத் திருமணம் நடத்திவைத்தார். 2022-இல் அதிபராக இந்தத் திருமணங்களைக் காக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

ஆக, அதிபர் என்ன நினைக்கிறார் என்பதும் அதிபர் என்ன சொல்கிறார் என்பதும் இரண்டு கணக்கு. ஓட்டுக் கணக்கு இருக்கும்வரை ஒரு பேச்சு, அது முடிந்தபின் ஒரு பேச்சு. ஃபோர்டு, கார்ட்டர், பெரிய புஷ், கிளிண்டன் நால்வரும் வெளிப்படையாக இந்தப் பக்கம் வந்தது பதவி போனபிறகுதான். இறந்துபோன அதிபர்களைப் பற்றி ஊகிக்கும்போது, அவரை வெள்ளை மாளிகையில் நிறுத்திப் பார்க்காதீர்கள். ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மனிதராக நினைத்துப் பாருங்கள்.

இப்போது எல்லோரும் கேட்கும் பெயர்: ரொனால்டு ரீகன். இவரைப் பற்றி உறுதியாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை, எந்தப் பக்கமாக இருந்தாலும். ஆதரித்திருப்பார் என்பதற்கு ஆதாரம் வேண்டுமா? 1978-இல் கலிஃபோர்னியாவில், தன்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கக் கூடாது என்று ஒரு மக்கள் வாக்கெடுப்பு வந்தது. ரீகன் அப்போது அதிபர் கனவில் இருந்தவர். பழைமைவாத ஓட்டுகள் கட்டாயம் வேண்டும். இருந்தும் அதை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதினார்: தன்பாலீர்ப்பு அம்மைநோய் போல ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை என்று. தீர்மானம் தோற்றது. இன்னொன்று: ஆளுநராக 1969-இல், யார் மீதும் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான். அவரே விவாகரத்தானவர். மரபான திருமண அமைப்பை அவர் அளவுக்கு அசைத்துவிட்ட அரசியல்வாதிகள் குறைவு.

எதிர்த்திருப்பார் என்பதற்கும் ஆதாரம் உண்டு. எய்ட்ஸ் 1981-இல் வெளிப்பட்டது. அவர் அதைப் பற்றிப் பொதுவெளியில் வாய் திறக்க 1985 ஆயிற்று, முழு உரை ஆற்ற 1987 மே ஆயிற்று. அதற்குள் இறந்தவர் எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டிவிட்டது. செத்துக்கொண்டிருந்தவர்களில் அவருடைய ஹாலிவுட் நண்பர் ராக் ஹட்சனும் ஒருவர்.

அந்த ராக் ஹட்சனை வைத்தே ரீகனின் மகள் பேட்டி டேவிஸ் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். சிறுமியாக இருந்தபோது தந்தையோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் படம் பார்க்கிறார். ஹட்சன் கதாநாயகியை முத்தமிடும் காட்சி. என்னவோ ஒட்டாத மாதிரி இருக்கிறதே என்று மகள் சொல்ல, அவருக்கு ஓர் ஆணை முத்தமிடுவதுதான் பிடிக்கும் என்று தந்தை சாதாரணமாகச் சொன்னாராம். அதை வைத்து, இந்தத் திருமணத்தை அப்பா எதிர்த்திருக்க மாட்டார் என்று 2013-இல் மகள் சொன்னார். அதே ஆண்டு மகன் மைக்கேல் ரீகன் தேவாலயங்கள் இதை எதிர்த்துப் போராடாமல் சும்மா இருக்கின்றனவே என்று காட்டமாக எழுதினார். வீட்டில் மட்டுமா பிளவு? ஓபர்கெஃபெல் தீர்ப்பை எழுதிய நீதிபதி அந்தோணி கென்னடி ரீகன் நியமித்தவர். அதை மிகக் கடுமையாகச் சாடி மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஆன்டனின் ஸ்கலியாவும் ரீகன் நியமித்தவர். என்னைக் கேட்டால், திண்ணை ரீகன் பெரிய புஷ்ஷின் இடத்துக்கு வந்திருப்பார். வெள்ளை மாளிகை ரீகன் வந்திருக்கவே மாட்டார்.

நிக்சனைப் பொறுத்தவரை ஒளிவுமறைவு இல்லை, எல்லாம் நாடாவில் பதிவாகிக் கிடக்கிறது. 1971 மே மாதப் பதிவு ஒன்றில், ஒரு தொலைக்காட்சித் தொடரில் தன்பாலீர்ப்பாளரை நல்லவராகக் காட்டிவிட்டார்கள் என்று பொருமி, கிரேக்க நாகரிகம் அழிந்ததே இதனால்தான் என்று அரிஸ்டாட்டில், சாக்ரடீஸ் வரை இழுத்துத் திட்டுகிறார். ஆனால் 1970-இல் அவர் சொன்னதாகப் பதிவான இன்னொரு பேச்சுதான் எனக்குப் பிடித்தது. கறுப்பர் வெள்ளையர் கல்யாணம் சரி. தன்பாலினக் கல்யாணம் ரொம்பத் தூரம், இதெல்லாம் 2000-ஆம் ஆண்டுச் சமாச்சாரம் என்றாராம். வெர்மான்ட் மாநிலம் தன்பாலின இணையருக்குத் திருமணத்துக்கு நிகரான சட்ட உறவைக் கொடுத்தது 2000 ஜூலையில். உலகில் முதன்முதலாக நெதர்லாந்து திருமணமாகவே அனுமதித்தது 2001 ஏப்ரலில். திட்டிக்கொண்டே இவ்வளவு துல்லியமாக நாள் குறித்த சோதிடர் வேறு யாரும் கிடையாது.

ஓய்வு எல்லோரையும் இளக்கிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். ஹாரி ட்ரூமன் இருக்கிறார். 1948-இல் ஓர் ஆணையில் ராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழித்தவர். கறுப்பர் உரிமைக் கொள்கைக்காகச் சொந்தக் கட்சியின் தெற்கத்தியர்களை இழந்தவர். 1963-இல், 79 வயதில், பதவி விட்டுப் பத்தாண்டு கழிந்தபின், கலப்பினத் திருமணம் பரவுமா என்று ஒரு செய்தியாளர் கேட்டார். பரவாது என்று நம்புகிறேன், எனக்கு அதில் நம்பிக்கையில்லை என்றார் ட்ரூமன். உன் மகளைக் கறுப்பருக்குக் கட்டிக்கொடுப்பாயா என்று திருப்பிக் கேட்டார். பைபிளையும் துணைக்கு இழுத்தார். ராணுவத்தில் பக்கத்தில் படுக்கலாம், வீட்டுக்குள் மருமகனாக வரக் கூடாது. இந்த மனிதர் தன்பாலினத் திருமணத்துக்கு என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கவே தேவையில்லை. ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார் என்பதும் என் ஊகம்.

ஐசன்ஹோவர் காலத்து அமெரிக்காவை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1953 ஏப்ரலில் அவர் போட்ட 10450-ஆம் ஆணையின்படி தன்பாலீர்ப்பாளர்கள் மத்திய அரசு வேலைக்கே லாயக்கற்றவர்கள். 1957-இல் ராணுவ வரைபடத் துறையிலிருந்து அப்படித் துரத்தப்பட்ட வானியலாளர் ஃபிராங்க் கமெனி, 1961-இல் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். கென்னடியின் உயிர் நண்பர் லெம் பில்லிங்ஸ் தன்பாலீர்ப்பாளர் என்பது நெருங்கியவர்களுக்குத் தெரியும். வெள்ளை மாளிகையில் அவர் வந்து தங்குவதற்கென்றே ஓர் அறை உண்டு. ஆனாலும் கமெனி போன்றவர்களுக்காகக் கென்னடி அரசு சுண்டுவிரலைக்கூட அசைக்கவில்லை. 2009-இல் ஒபாமா அரசு கமெனியிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

நாட்டை உருவாக்கியவர்களுக்கு வருவோம். 1778 மார்ச், விடுதலைப் போர்க்காலம், வாஷிங்டனின் படை தங்கியிருந்த வேலி ஃபோர்ஜ் பாசறை. ஓர் ஆண் வீரரோடு உறவுகொள்ள முயன்றதாக லெப்டினன்ட் என்ஸ்லின் மீது ராணுவ நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகிறது. இத்தகைய குற்றத்தை அருவருத்து வெறுப்பதாகச் சொல்லி வாஷிங்டன் தண்டனையை உறுதிசெய்கிறார்: படையின் எல்லாப் பறைகளும் குழல்களும் முழங்க, பாசறையிலிருந்து விரட்டப்பட்டார், திரும்பி வரவே கூடாது என்று. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில வாரம் முன்புதான் அதே பாசறைக்கு பிரஷ்யாவிலிருந்து ஸ்டூபன் பிரபு என்ற ராணுவ அதிகாரி வந்து சேர்ந்திருந்தார். ஐரோப்பாவில் அவரைப் பற்றி இதே வகை வதந்தி. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் படையாக மாற்றியவர் அவர்தான். மணமாகாத ஸ்டூபன் தன் சொத்தைப் பிள்ளைகளாகப் பாவித்த இரண்டு ராணுவ உதவியாளர்களுக்கு எழுதிவைத்தார். 1783 டிசம்பரில் வாஷிங்டன் படைத்தலைவராக எழுதிய கடைசிக் கடிதம் ஸ்டூபனுக்கு, நன்றி சொல்லி. சாதாரண லெப்டினன்டுக்குப் பறையொலி, வேண்டியவருக்கு நன்றிக் கடிதம். அந்தக் காலத்துச் சகிப்புத்தன்மை இந்த அளவுதான்: தெரியாத மாதிரி இருந்துவிடுவது. திருமணம் என்று பத்திரம் கேட்டால் தெரியாத மாதிரி இருக்க முடியாதே!

ஜெஃபர்சனை இரண்டு பக்கத்தாரும் மேற்கோள் காட்டுவார்கள். வர்ஜீனியாவின் குற்றச் சட்டங்களைத் திருத்த அவர் எழுதிய மசோதாவில், ஆண்-ஆண் உறவுக்கு விதையடிப்பு தண்டனை. பெண் என்றால் மூக்குத் தண்டில் அரை அங்குலத் துளை. படிக்கும்போதே மூக்கு வலிக்கிறது. அன்றைக்கு இது சீர்திருத்தம்! இருந்த தண்டனை மரணம். சட்டமன்றம் மசோதாவை ஏற்கவில்லை. ஆனால் 1816-இல் அதே ஜெஃபர்சன் ஒரு கடிதத்தில், சட்டங்கள் மனித அறிவோடு சேர்ந்து நகர வேண்டும், சிறுவயதில் போட்ட சட்டையையே வளர்ந்தபின்னும் போடச் சொல்ல முடியாது என்றார். வாஷிங்டன் நகரில் அவர் நினைவிடத்துச் சுவரில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு 40 ஆண்டு கொடுத்தால் சட்டை உவமையைத்தான் எடுத்துக்கொண்டு வருவார் என்று நினைக்கிறேன். எழுத்தில் தாராளமும் வீட்டில் வேறொன்றுமாக வாழ்ந்தவர் அவர். எழுத்தில் ஆதரிப்பது அவருக்குக் கஷ்டமே இல்லை.

திருமணத்தை மத்திய அரசு தீர்மானிக்கலாமா என்பதில் லிங்கன் ஏற்கெனவே ஒரு பக்கம் நின்றுவிட்டார். பலதார மணத்தையும் அடிமைமுறையையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை மிச்சங்கள் என்று 1856-இல் அறிவித்த கட்சி அவருடையது. 1862-இல் பலதார மணத்தைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆனால் அதைச் செயல்படுத்த விரலை அசைக்கவில்லை. பலதார மணம் செய்துவந்த மார்மன் மதப்பிரிவினர் அனுப்பிய ஆளிடம், வயலில் பிளக்கவும் முடியாத, எரிக்கவும் முடியாத பெரிய கட்டை கிடந்தால் அதைச் சுற்றி உழுதுவிடுவோம் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. ஜோஷுவா ஸ்பீடு என்ற நண்பரோடு நாலு வருஷம் ஒரே கட்டிலில் படுத்ததை வைத்து லிங்கனுக்கு வேறு கதை கட்டுகிறவர்கள், அவர்கள் வாழ்ந்த, கட்டில் கிடைக்காத காலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஊரை மறந்துவிடுகிறார்கள். தியோடர் ரூஸ்வெல்ட் 1906-இல் திருமணச் சட்டத்தை மாநிலங்களிடமிருந்து எடுத்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குக் கொடுக்கச் சொன்னவர். பிள்ளை பெறாத தம்பதிகளைத் திட்டித் தீர்த்தவர். எதிர்ப்பார், சத்தமாக.

கடைசியாகப் புக்கானன். வாழ்நாள் முழுக்கப் பிரம்மச்சாரியாக இருந்த ஒரே அதிபர். அலபாமா செனட்டர் வில்லியம் ரூஃபஸ் கிங்கோடு வாஷிங்டனில் பல ஆண்டு ஒரே விடுதியில் வாழ்ந்தவர். ஊரார் கிண்டலுக்குக் குறைவில்லை. 1844-இல் கிங் தூதராகப் பாரிஸ் போனபின் புக்கானன் ஒரு தோழிக்கு எழுதுகிறார்: தனியாகிவிட்டேன், சில கனவான்களிடம் முயன்று பார்த்தேன், ஒருவரும் மசியவில்லை. இதை வைத்துத்தான் அத்தனை பேச்சும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும் அவர் ஆதரவு கிடைத்துவிடாது. 1857 மார்ச் 4, பதவியேற்பு உரையில், புதிய பிரதேசங்களில் அடிமைமுறை பற்றி உச்ச நீதிமன்றம் என்ன தீர்ப்புச் சொன்னாலும் மனமகிழ்ந்து கட்டுப்படுவேன் என்றார். தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று நீதிபதிகளோடு கடிதம் நடத்தி முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தார். இரண்டு நாளில் வந்தது டிரெட் ஸ்காட் தீர்ப்பு: கறுப்பர்கள் குடிமக்களே அல்ல. 2015-இல் புக்கானன் அதிபராக இருந்திருந்தால், நீதிமன்றம் சொல்லிவிட்டது, கட்டுப்படுங்கள் என்றிருப்பார். நாளைக்கே நீதிமன்றம் அதை ரத்து செய்தாலும், அதே உரையைத் தேதி மாற்றி வாசித்திருப்பார்.